ரோத்யாவின் அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அலமாரியில் விட்டுப்போன 'குற்றமும் தண்டனையும்' நாவலை முந்தாநாள்தான் முடித்தேன். தஸ்தயெவ்ஸ்கி 1866-இல் எழுதியது. கதாநாயகன் ரஸ்கோல்நிகோவ், வீட்டில் ரோத்யா, வட்டிக்கடைக் கிழவியைக் கோடரியால் கொன்றுவிடுகிறான். எல்லாரும் அந்தக் கோடரியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு ரஸ்கோல்நிகோவின் அம்மாவை விட்டு மனசு நகரவே இல்லை.

வருஷத்துக்கு 120 ரூபிள் பென்ஷனில் காலம் தள்ளுகிறவள். ஆரம்பத்திலேயே மகனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதுகிறாள். மகள் துனியா, வேலைக்குப் போன வீட்டில் பட்ட அவமானத்தை அதுவரை அவனிடம் மூச்சுவிட்டதில்லை. சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தாவது வந்திருப்பாயே என்கிறாள். முன்பு அவனுக்கு அனுப்பிய 60 ரூபிள்கூட துனியா அங்கே முன்பணமாக வாங்கியதில் எடுத்ததுதான். வரிக்கு வரி பாசம். ஆனால் படித்து முடிக்கையில் அவன் முகம் வெளிறி, கோணிப்போகிறது. ஒருவரை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்றே மூடி மூடி வைத்து, கடைசியில் மூன்று பேரும் தனித்தனியாக வெந்துபோகிறார்கள்.

அப்புறம், போலீசில் சரணடையப் போகுமுன் மகன் கடைசியாகப் பார்க்க வருகிறான். பத்திரிகையில் வந்த அவனுடைய கட்டுரையை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஏதோ பெரிய துயரம் அவனைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவன் அவள் காலில் விழுகிறான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். என்னடா நடந்தது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அவனை சைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள், 8 வருஷம். அவள் கேட்டால் சொல்வதற்கென்று துனியாவும் அவள் கணவனும் ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குத் தேவையே வரவில்லை. ஒருநாள் காலையில், ரோத்யா சீக்கிரம் வந்துவிடுவான், ஒன்பது மாதத்தில் வருவதாகச் சொன்னானே என்று வீட்டை ஒழுங்குபண்ண ஆரம்பிக்கிறாள். அவன் அறையைத் துடைக்கிறாள், புதுத் திரைச்சீலை மாட்டுகிறாள். பிறகு காய்ச்சல், இரண்டே வாரத்தில் போய்ச் சேர்கிறாள். அவர்கள் நினைத்ததைவிட அவளுக்கு எவ்வளவோ தெரிந்திருந்தது என்பது ஜன்னியில் அவள் உளறிய வார்த்தைகளில்தான் வெளியே வருகிறது.

அந்தத் திரைச்சீலை வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன் தம்பி. அன்றைக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்து பதினோரு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தட்டைக் கதவோரம் வைப்பேன். பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும். அப்பா கேட்டதற்கு, படிப்புச் சுமை என்று நானே பதில் சொன்னேன். ராத்திரி எழுந்து உன் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். தட்டினால் நீ இன்னும் ஒடிந்துபோவாயோ என்று பயம். நீ சொல்வதைத் தாங்க எனக்குத் தெம்பு இருக்குமா என்ற பயமும்தான். பன்னிரண்டாம் நாள் நீ குளித்துவிட்டு வந்து தோசை கேட்டாய். சரி, எல்லாம் முடிந்தது என்று ஊற்றிக் கொடுத்தேன்.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கேட்கிறேன். போனில் கேட்டால் 'ஒண்ணுமில்லம்மா' என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்போது உனக்கு என்ன ஆச்சு தம்பி?

அம்மா