நீலச் சுவர் கிடைத்த கதையும் எங்கள் நன்றியும்

அன்புடையீர்,

அந்தப் பழைய வீட்டின் உள்ளறைகளைக் கணினியில் மீட்டெடுத்து மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டோம். திறப்பு நாளன்று பேச வந்த நான், "எல்லோருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில் அளவெடுத்த இளைஞர்களுக்கு. லேசர் ஸ்கேனருக்கு நிலைக்கண்ணாடி என்றாலே ஆகாது. கதிர் அதில் பட்டுத் திரும்பி, சுவருக்கு அப்பால் இல்லாத ஓர் அறையையே வரைந்துவிடும். கூடத்தில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் துணியால் மூடி, கருவியை அறை அறையாக நகர்த்தி, விடிய விடிய அளந்தீர்கள். கதவுச் செதுக்கல்களைப் படமெடுத்தவர்களோ, ஒரு படத்தில் விழுந்த பரப்பில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் விழும்படி பொறுமையாக நகர்ந்து நகர்ந்து எடுத்தீர்கள். அந்தப் பொதுவான புள்ளிகளை வைத்துத்தானே மென்பொருள் முப்பரிமாண உருவத்தைக் கட்டுகிறது.

ஆனால் ஸ்கேனர் இன்றைய வீட்டைத்தான் அளக்கும். நாங்கள் தேடியது அன்றைய வீட்டை. அதற்கு எங்களிடம் இருந்தவை கூடத்தின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று, வீட்டுப் பொருட்களைக் கையால் எழுதிவைத்த பட்டியல் ஒன்று. மங்கிப்போன அந்தக் கையெழுத்தை வரி வரியாகப் படித்துத் தந்த தன்னார்வலர்களுக்கு என் வணக்கம். எந்த அறையில் எத்தனை நாற்காலி என்பதை உங்களால்தான் அறிந்தோம்.

அப்புறம், அந்தச் சுவர். படத்தில் அது வெளிர் நிறமாகத் தெரிந்தது. நாங்களும் கணினியில் யானைத் தந்தத்தின் நிறம் பூசி, அதற்கேற்ப விளக்கொளி அமைத்து, கூடத்தையே முடித்துவிட்டோம். வண்ணப்பூச்சு ஆய்வாளரான நீங்கள் கதவு நிலைக்குப் பின்னாலிருந்து குண்டூசித் தலையளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தீர்கள். அடுக்கடுக்கான பூச்சுகளில் அந்தக் காலத்து அடுக்கு நீலம்! பழைய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கே அதிகம் வினைபுரிந்தன, அதனால் நீலம் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் விழும் என்று விளக்கினீர்கள். எல்லா நிறத்துக்கும் வினைபுரியும் தகடுகள் 1906 வாக்கில்தான் விற்பனைக்கே வந்தனவாம். எங்கள் பல வார உழைப்பு வீணானது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் பார்க்க வருகிற எல்லோருக்கும் ஒரு பொய்யைக் காட்டியிருப்போம். அதனால்தான் இந்த நன்றி மற்றதைவிடப் பெரியது.

சிறுவயதில் அந்த வீட்டில் வளர்ந்த அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மெய்நிகர் காட்சிக் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கணினியில் நாங்கள் உருவாக்கிய வீட்டுக்குள் நடந்தவர், ஜன்னல் அருகே நின்று, "இது இவ்வளவு தாழ்வா இருக்காதே, எனக்கு எட்டவே எட்டாது" என்றீர்கள். சின்னப் பிள்ளையின் நினைவுதானே என்று நான் நினைத்தது தவறு. தச்சர் ஓரத்துப் பலகை ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, கீழே பழைய தரை இருந்தது. பின்னாளில் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். பலகைக்கு ஒரு கீறல்கூட விழாமல் திருப்பிப் பொருத்திய அந்தத் தச்சருக்கும் நன்றி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத இடங்களை அழகாக நிரப்பிவிடலாம் என்று நாங்கள் ஆசைப்பட்டபோது, கூடாது என்று உறுதியாக நின்றவர். மரபுச் சின்னங்களைக் கணினியில் மீட்டுருவாக்குவதற்கான நெறிமுறைகளான, 2006இல் உருவாகி 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனத்தை மேசையில் வைத்து, எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று சான்று இல்லாததால் சாம்பல் நிறத்தில் நிற்கும் பகுதிகளைப் பார்த்து, "இங்கே என்ன இருந்திருக்கும்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மாடியின் கடைசி அறை இன்னும் முழுக்கச் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. போன வாரம் பார்வையாளர் ஒருவர், தன் பாட்டியின் பெட்டியில் அந்த அறையில் எடுத்த படம் ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரும் ஞாயிறு கொண்டுவருகிறார். முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மீட்டுருவாக்கக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்