திரும்பிப் பார்க்கும் பயிற்சி

சென்னை,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. "மறுபடி சைக்கிள் ஏறினாயா, இல்லையா?" என்று நீ கேட்டிருந்ததற்கு, "ஏறிவிட்டேன்" என்று எழுத முடிகிற நாள் வரட்டும் என்று பதிலை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஏறினேன்.

செப்டம்பரில் விழுந்ததைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னேன். வண்டி எதுவும் இடிக்கவில்லை, வேகமும் அதிகமில்லை. கோவளத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இடது ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணலில் முன்சக்கரம் வழுக்க, இடது தோள் முதலில் தரையில் மோதி, தோளையும் மார்பெலும்பையும் இணைக்கிற காறை எலும்பு நடுவில் முறிந்தது. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு வழக்கமாக முறிவது அந்த எலும்புதான், அதிலும் பெரும்பாலும் நடுப்பகுதிதான் என்று மருத்துவர் சொன்னதும், "இதிலாவது ஊரோடு ஒத்துப்போனீர்களே" என்றாள் என் மனைவி. முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததால் உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டியதாயிற்று. சைக்கிளுக்கோ, கியர் மாற்றும் பாகம் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் இருக்கிற புண்ணியத்தில், இடது பிரேக் பிடியில் ஒரு கீறலைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஓராண்டாக நான் தயாராகிவந்த கோவா டிரையத்லான் அத்தோடு போயிற்று.

மூன்று விளையாட்டு பழகியவனுக்கு ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். அது தப்புக் கணக்கு. நீச்சலுக்குத் தோள் வேண்டும். ஓடினால் ஒவ்வோர் எட்டும் எலும்பை அதிரவைக்கும். மூன்றாவது வாரத்தில் எனக்கு முதலில் கிடைத்த அனுமதி, என்னைத் தள்ளிவிட்ட சைக்கிளுக்குத்தான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் ட்ரெய்னர் என்ற தாங்கியில் பூட்டி, இடக்கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு, வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்தபடி மிதித்தேன்.

முதல் நாள் மிரண்டுவிட்டேன். உடற்பயிற்சியை விட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற இரத்தமும் குறைகிறது. அந்தக் குறையை அது கூடுதலாகத் துடித்து ஈடுகட்டுகிறது. முன்பு 130 வாட்டில் (மிதிக்கும் திறனை வாட்டில்தான் அளப்போம்) மிதிக்கும்போது நிமிடத்துக்கு 125 துடித்த இதயம், அன்று அதே 130 வாட்டுக்கு 142 துடித்தது. ஆனால் போனதைப் போலவே இது விரைவாகத் திரும்பியும் வந்தது. இருபது நிமிடம் முழுமூச்சாக மிதித்து, அதன் சராசரியில் ஐந்து விழுக்காட்டைக் கழித்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய ஆற்றல் கிடைக்கும் என்பது எங்கள் வழக்கமான சோதனை. விழுவதற்கு முன் 210 வாட்டாக இருந்த அந்த எண் நவம்பர் தொடக்கத்தில் 168, டிசம்பர் கடைசியில் 195. குணமாகிவிட்டேன் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "வண்டி வருகிறதா என்று பின்னால் திரும்பிப் பார்க்க முடிகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

ட்ரெய்னரில் பின்னால் வருகிற வண்டி ஏது? அது சாய்வதுமில்லை, ஆகவே கைகளுக்கும் அங்கே வேலையில்லை. சாலையிலோ, வலப்பக்கம் தலையைத் திருப்பிய நொடியில் உடலின் மேற்பாரம் இடக்கையில் இறங்குகிறது. முறிந்த பக்கம் அதைத் தாங்க மறுத்தால் ஹேண்டில்பார் தானாக இடப்பக்கம், அதாவது மணல் இருக்கிற பக்கம், இழுத்துக்கொண்டு போகிறது. வலக்கையால் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாலும் இதே கதைதான். முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் ஏரோபாரை நான் இன்னும் தொடவில்லை. அந்த நிலையில் பாரம் நேராகத் தோளுக்கு ஏறும் என்பது ஒரு காரணம். அங்கிருந்து பிரேக் கைக்கு எட்டாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஜனவரி முழுவதும் மாலையில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் நேர்க்கோட்டில் ஓட்டியபடி திரும்பிப் பார்க்கப் பழகினேன். பக்கத்து வீட்டுச் சிறுமி பின்னால் நின்று விரல்களைக் காட்டுவாள். எத்தனை என்று நான் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாளில், கேரியரைப் பிடித்துக்கொண்டு நீ ஓடிவருகிறாயா என்று திரும்பிப் பார்த்துத்தானே நான் வாய்க்காலுக்குள் போனேன்? நாற்பத்தாறு வயதில் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்கிறேன்.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஆறுதலுக்குக் கதைகள் அனுப்பினார்கள். ஹவாயில் நடக்கும் உலகப் போட்டிக்குச் சில நாள் முன்னதாக, 2017 அக்டோபரில் வண்டி மோதிக் கழுத்து முள்ளெலும்பு முறிந்த டிரையத்லான் வீரர் டிம் டான், மண்டையோட்டில் திருகிய வளையத்தோடு மூன்று மாதம் கிடந்து, 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்ததைப் பலர் அனுப்பினார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நான்கு முறை வென்ற கிறிஸ் ஃப்ரூம் 2019 ஜூனில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட பிறகு ஐந்தாவதை வெல்லவே இல்லை என்பதை ஒருவரும் அனுப்பவில்லை. இருவருக்கும் அது தொழில். காலை ஒன்பதரைக்கு அலுவலகம் போக வேண்டிய எனக்கு இந்த இரண்டு கதைகளாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நேற்றுக் காலை ஐந்தேகாலுக்குத் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டேன். 25 மில்லிமீட்டர் டயருக்குப் பதில் 28 மில்லிமீட்டர் டயர் மாட்டி, காற்றையும் கொஞ்சம் குறைத்திருந்தேன். முட்டுக்காடு பாலம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோவளத்தை நெருங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தால், கூடத்தில் 135 துடிப்புக்கு மிதிக்கிற அதே வாட்டுக்கு இதயம் 160 காட்டுகிறது. கால்களுக்கும் அந்த இருபத்தைந்துக்கும் தொடர்பில்லை. விழுந்த இடத்தில் இப்போதும் மணல் கிடந்தது. விலகுவதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும், பின்னால் பேருந்தின் ஹாரன் கேட்டது, கழுத்து திரும்பவில்லை. பிரேக் பிடித்து, காலை ஊன்றி, பேருந்து கடந்து போகும்வரை நின்றுவிட்டேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மணலைக் கடந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்து இன்னும் சிறிது தூரம் தெற்கே போய்விட்டு, எதிர்க்காற்றில் வரும் வழியில் நான்கைந்து முறை திரும்பிப் பார்த்தேன். ஒருமுறை ஹேண்டில்பார் கோணவே இல்லை. அடுத்த ஞாயிறும் அதே சாலைக்குத்தான் போகிறேன். "இந்த வயதில் இது தேவையா?" என்ற உன் இன்னொரு கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் இதுதான் பதில்.

உன் மகன் இப்போது சைக்கிளில் பள்ளிக்குப் போவதாகவும், என் பழைய ஹெல்மெட்டை அவனுக்குத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தாய். தர மாட்டேன். அன்று தோளுக்கு அடுத்ததாகத் தரையில் பட்டது தலைதான். உள்ளே இருக்கிற நுரைப்பொருள் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அடுத்த அடியை அது தாங்காது. அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன். புருவத்துக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி, தலைச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்