மாநில உரிமைக்காகவா சண்டை போட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிறைய உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் வடக்கு மத்திய அரசின் பக்கம், தெற்கு மாநில உரிமையின் பக்கம், அந்தக் கொள்கைச் சண்டை முற்றித்தான் 1861-இல் போர் வந்தது என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் வரலாறு நடத்துகிறவன், வகுப்பில் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் உட்கார வைத்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் எந்த வட்டாரமும் ஒரே பக்கம் நின்றதே இல்லை. 1790-இல் மாநிலங்களின் சுதந்திரப் போர்க் கடனை, சுமார் 2.5 கோடி டாலர், மத்திய அரசே ஏற்றுக்கொள்ளட்டும் என்று நிதியமைச்சர் ஹாமில்டன் சொன்னபோது அதற்கு ஆசைப்பட்டது கடனில் மூழ்கியிருந்த தென் கரோலினா. தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்ட வர்ஜீனியாதான் எதிர்த்துக் குதித்தது, அதுவும் தெற்குதான். அப்புறம் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் மாடிசனும் ஹாமில்டனும் பேசி, கடன் மத்திய அரசுக்கு, தலைநகரம் தெற்கே பொடோமாக் கரைக்கு என்று முடித்துக்கொண்டதாக ஜெஃபர்சனே எழுதி வைத்திருக்கிறார். 1814-இல் பார்த்தால் நியூ இங்கிலாந்துக்காரர்கள், வடக்கிலும் வடக்கு, கப்பல் வணிகத்தைப் பிரிட்டனோடு நடந்த போர் நாசமாக்கிவிட்டது என்று ஹார்ட்ஃபோர்ட் நகரில் கூடி, மத்திய அரசின் வரம்பு மீறலிலிருந்து தன் மக்களைக் காக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று பேசினார்கள்.

தென் கரோலினாவின் அரசியல் தலைவர் கால்ஹூனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1816-இல் காப்பு வரியை, அதாவது உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிப் பொருள்மீது போடும் வரியை, ஆதரித்து வாதாடியவர், மத்திய அரசின் பணத்தில் சாலையும் கால்வாயும் வேண்டும் என்றவர். அவர்தான் 1828-இல், துணை ஜனாதிபதியாக இருந்துகொண்டே, பெயர் போடாமல், மத்திய அரசின் வரிச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாது என்று அறிவிக்கலாம் என எழுதினார். 1832 நவம்பரில் தென் கரோலினா அதைச் செய்தும் காட்டியது. (வடக்கே மாசசூசெட்ஸின் அரசியல் தலைவர் வெப்ஸ்டர் நேரெதிர்த் திசையில் போனார், 1824-இல் வரியை எதிர்த்தவர் 1828-இல் ஆதரித்து வாக்களித்தார்.) ஆனால் கால்ஹூன் 1830-இலேயே ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரி ஒரு சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் அது இல்லை, அடிமை முறைதான் தெற்கைத் தனித்து நிறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சரி, கட்டுரை தொடாமலே விட்ட 1850-க்கு வருகிறேன். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்குதான், அதுவும் மத்திய அரசின் முழு பலத்தோடு. பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. விசாரிக்கும் கமிஷனர் அவரைத் திருப்பி அனுப்பினால் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் வகுப்பே ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

ஜோஷுவா குளோவர் மிசூரியிலிருந்து தப்பி வந்து, விஸ்கான்சினில் ராசீன் ஊர்ப் பக்கம் ஒரு மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1854 மார்ச்சில் ஒரு இரவு, தன் குடிலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவரை அவருடைய பழைய எஜமானனும் மத்திய அரசின் ஆட்களும் அடித்து, ரத்தம் ஒழுக வண்டியில் போட்டு மில்வாக்கி சிறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஊர் ஜனம் திரண்டு சிறைக் கதவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தது, அவர் கனடா போய்ச் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தைத் திரட்டிய பத்திரிகை ஆசிரியர் பூத் கைதானார், அந்தச் சட்டமே செல்லாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தென் கரோலினாவின் அதே பழைய வாதம்தான், இப்போது வடக்கின் வாயில்! 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தீர்ப்பளித்தபோது தெற்கு மாநில உரிமைக்காக அழவில்லை.

தென் கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்துபோகும்போது வெளியிட்ட காரண அறிக்கையைக் கட்டுரையாளர் ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டுகிறேன். அதில் பெரிய புகாரே, வடக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைப் போட்டு மத்திய அரசின் அடிமைச் சட்டத்தைத் தடுக்கின்றன என்பதுதான். தடுத்த மாநிலங்களைப் பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார்கள், விஸ்கான்சினும் அதில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகன், திருச்சி