ராஸ்தாஃபாரிகளின் அடுப்படியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஜமைக்கா கட்டுரை, அந்த நாட்டில் பிறந்த ஒரு சமய இயக்கத்தினரான ராஸ்தாஃபாரிகளைச் சடைமுடி, கஞ்சா, ரெகே இசை என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டது. அவர்கள் தலையை அலசுவதே இல்லை என்றும், சடை வளர்ப்பது நம் சாமியார்களைப் பார்த்து வந்த பழக்கம் என்றும் அதில் எழுதியிருப்பது தவறு. ஒரு மக்களின் நோன்பை அழுக்கென்று அச்சிட்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அவர்கள் விலக்குவது சீப்பையும் கத்தரியையும்தான், தண்ணீரை அல்ல. கற்றாழைச் சோற்றைத் தேய்த்து அலசுவது ஜமைக்காவில் பழைய வழக்கம். சிரமம் உலர்த்துவதில்தான் இருக்கிறது. தடித்த சடை வெளியே காய்ந்த பிறகும் நடுவில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு சுருட்டித் தொப்பிக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்து வாடை வரும். உள்ளே ஆழமாக ஏறிவிட்டால் போக்குவது மிகவும் கடினம். அதனால் காலையிலேயே அலசி, துணியால் ஒற்றிப் பிழிந்து, வெயிலிலும் காற்றிலும் விரித்துவிட வேண்டும். கடையில் விற்கும் மெழுகைத் தடவினால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு அலசினாலும் போகாது.

சாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 1845 முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார்கள். கஞ்சாவும் அதன் பெயரும் சிலும்பியும் அவர்களோடு போனவை. ராஸ்தாஃபாரியின் முதல் போதகர்களில் ஒருவரான லெனர்ட் ஹவல், கங்குங்குரு மராக் என்று இந்திய வாடை வீசும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஹவல் சடை வளர்த்தவர் அல்லர். சடைக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பைபிளின் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் உள்ள, தலையில் கத்தி படக்கூடாது என்னும் நசரேய விரதம். 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் முடிசூடிய எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியை அவர்கள் கொண்டாடுவதும், ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கமும் அடிமை வாழ்வின் காயத்திலிருந்து பிறந்தவை. இந்தியத் தொடர்பைச் சொல்லுங்கள், தப்பில்லை. மூலமே அதுதான் என்பது மிகை.

கஞ்சா அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள். பிரார்த்தனை சொல்லிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். புகைக்காத ராஸ்தாஃபாரிகளும் இருக்கிறார்கள். ஜமைக்காவின் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 2 அவுன்ஸ் வரை வைத்திருப்பது அபராதத்தோடு முடிகிறது. வழிபாட்டுக்காக வைத்திருக்கும் ராஸ்தாஃபாரிக்கு அதுவும் இல்லை.

கட்டுரை தொடாமலே விட்டது ஐட்டல் உணவு, அதாவது அவர்கள் நெறிப்படி சமைக்கும் இயற்கை உணவு. அவர்களுடைய நெறி அன்றாடம் நடைமுறையாவது அடுப்படியில்தான். பன்றி இறைச்சி, நண்டு, இறால் விலக்கு. பலர் எந்த இறைச்சியும் தொடுவதில்லை. சிலர் சிறு மீன் மட்டும் சேர்ப்பார்கள். டப்பாவில் அடைத்தது, சாயம் போட்டது ஆகாது. கண்டிப்பானவர்கள் உப்பே போடமாட்டார்கள். கடலுப்பைக் கொஞ்சம் சேர்ப்பவர்களும் உண்டு. அலுமினியத்தைத் தவிர்த்து மண்சட்டியில் சமைத்து, சுரைக்குடுக்கையில் பரிமாறும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

அவர்களுடைய காய்கறிக் குழம்பைப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு கப் ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டும். பிறகு தீயைக் குறைத்துப் பருப்பு மசியும்வரை வேகவைத்து, ஒரு தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலை ஊற்ற வேண்டும். இரண்டு பல் பூண்டு, நசுக்கிய வெங்காயத்தாள், மூன்று நான்கு கொத்து தைம் என்ற மணமூலிகை, எட்டுப் பத்து பிமெண்டோ (ஆல்ஸ்பைஸ்) மணி போட்டு, சேனை போன்ற கிழங்கையும் வாழைக்காயையும் முதலில் இட வேண்டும். பூசணி கடைசியில், முன்பே போட்டால் கரைந்துவிடும். ஸ்காட்ச் பானெட் மிளகாயைக் காம்போடு முழுசாக மேலே மிதக்கவிட்டு, இறக்கும்போது எடுத்துவிடுவார்கள். கரண்டி பட்டு அது உடைந்தால் சட்டி முழுக்கக் காரமேறி ஒருவரும் சாப்பிட முடியாது. உப்பில்லாமல் சப்பென்று போயிற்று என்பவர்கள் பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் தண்ணீரைக் கூட்டியிருப்பார்கள், அல்லது பச்சைத் தைமுக்குப் பதில் பழைய தூளைப் போட்டிருப்பார்கள். மணமும் கொழுப்பும் சேர்ந்துதான் உப்பின் இடத்தை நிரப்புகின்றன.

நம் வாசகர்களுக்கு இது அந்நியச் சமையலும் அல்ல. அவர்கள் வதக்கும் கலலூ, நம் வேலியோரத்துக் குப்பைக்கீரையின் இனம். கங்கோ பட்டாணி என்பது நம் துவரையேதான்.

இன்னொன்று. தலைப்பாகை கட்டித் துடைப்பம் சுமந்து நிற்பவரின் படத்துக்குக் கீழே 'பரதேசி' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பவர் போபோ அஷாந்தி பிரிவினர் போலத் தெரிகிறது. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்குக் கிழக்கே புல் பேயில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. துடைப்பம் கட்டி விற்பது அவர்கள் கைத்தொழில். வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம்வரை ஓய்வுநாள் காத்து, மற்ற நாட்களில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அடுத்த இதழில் அந்தப் பட விளக்கத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்