பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடும்படி படம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிச் சிறப்பிதழில் குடும்பமாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே, படப் பெயரைச் சைகையால் காட்டி ஆடும் டம்ப் ஷராட்ஸுக்கு ஏற்ற இந்திப் படங்கள் என்று ஒரு நீளமான பட்டியல். மும்பை, டில்லி பக்கம் இருக்கும் எங்களைப் போன்றவர்களை நினைத்துப் போட்டிருக்கிறீர்கள், மிகவும் சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு ஆடினால், கொஞ்ச நேரத்திலேயே பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் செம்பூரில் வசிப்பவள். மகளைக் கொடுத்திருப்பது இந்தூர்க்காரர்கள் வீட்டில். இப்போது தாணேயில் இருக்கிறார்கள். தீபாவளி முடிந்து வரும் பாய் தூஜ் அன்று உடன்பிறந்தவள் வீட்டுக்கு அண்ணன் தம்பிகள் வந்து திலகம் இட்டுக்கொண்டு சாப்பிட்டுப் போவது அவர்கள் வழக்கம். சம்பந்தியம்மாவின் சகோதரர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். எங்களையும் விடமாட்டார்கள். சாப்பாடு முடிந்து குஜியா என்கிற இனிப்பும் டீயும் வந்ததும் யாராவது ஒரு பிள்ளை "சலோ, டம்ப் ஷராட்ஸ்!" என்று ஆரம்பித்துவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கட்சி. எதிர்க்கட்சி ஒரு படத்தின் பெயரை நம்மில் ஒருவர் காதில் சொல்லும். அவர் வாயைத் திறக்காமல், உதட்டையும் அசைக்காமல், சைகையாலேயே அதை நம்மைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். எத்தனை சொல் என்பதற்கு அத்தனை விரல். கா, கே, ஸே போன்ற குட்டிச் சொல் என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டுவார்கள். காதைப் பிடித்து இழுத்தால், இதே ஓசையில் வேறு சொல் என்று அர்த்தம்.

எதிர்க்கட்சிதான் பெயர் கொடுக்கிறது என்பதில்தான் வம்பே இருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத பெயராகத் தேடிக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். கையில் போன் வேறு இருக்கிறது. நீங்கள் போட்ட பட்டியலும் அந்த ஆசைக்குத்தான் தீனி போடுகிறது. எடுத்த எடுப்பிலேயே 'ஆல்பர்ட் பிண்டோ கோ குஸ்ஸா க்யோன் ஆதா ஹை'. சயீத் மிர்ஸா 1980-இல் எடுத்த, நஸீருத்தீன் ஷா நடித்த அருமையான படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த விளையாட்டில் அதன் கதி என்ன தெரியுமா? பெயர் நீளமாக இருக்கிறது என்பதற்காகவே கல்லூரிப் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். நடிக்க வந்தவர் ஏழு விரலைக் காட்டிய உடனே, சைகை எதுவும் செய்வதற்கு முன்பே, அவர்கள் பெயரைக் கத்திவிடுகிறார்கள். மற்றவர்களுக்கோ எவ்வளவு நடித்தாலும் விளங்குவதில்லை. தெரிந்தவருக்கு ஆட்டமே இல்லை, தெரியாதவருக்கு இடமே இல்லை. அப்படி ஒரு பெயர் எதற்கு?

படத்தைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது, அந்தப் பெயர் கைக்கு வருமா என்பதை. சின்னவர்கள் முதல் பெரியவர்கள் வரை அது எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். படம் எவ்வளவு பெரிய வெற்றி, எத்தனை விருது என்பதெல்லாம் இங்கே உதவாது. 'கபி குஷி கபி கம்' கைக்கு வரும்: ஒரு சிரிப்பு, ஒரு அழுகை, முடிந்தது. கூச்சப்படுகிறவரை முதல் முறையாக எழுப்பி நிறுத்தும்போது கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' (1957) இன்னும் நன்றாக வரும். இரண்டு கண், பன்னிரண்டு கை. எல்லாமே உடம்பிலேயே இருக்கிறது. 'தீஸ்ரி மன்சில்' என்றால் மூன்றாவது மாடி. படியேறிக் காட்டினால் போதும்.

இதயம், காதல் என்று பொருள்படும் தில், பியார், இஷ்க், மொஹப்பத் வரும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தி சினிமாவில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நான்கையும் காட்ட இருப்பது ஒரே சைகை: நெஞ்சில் கை. நடிப்பவர் நெஞ்சைத் தொட்டதும் கூடம் முழுக்க நான்கு சொல்லும் கலந்து பறக்கும். எது சரி என்று சொல்ல அவரால் தலையாட்டத்தான் முடியும். அதனால் கூடவே பிடிமானமாக இன்னொரு சொல் இருக்கிற பெயராகக் கொடுக்க வேண்டும். 'தில் தோ பாகல் ஹை' சுலபம். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினால் பைத்தியம் என்கிற பாகல் வந்துவிடும். 'தில் சாஹ்தா ஹை' அப்படியில்லை. விரும்புகிறது என்கிற அந்த நடுச்சொல்லை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் எத்தனையோ பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தலைமுறைக்கும் பொதுவான பெயர்களை உங்கள் கட்டுரையாளர் ஏன் விட்டார் என்று புரியவில்லை. ஒரே பெயரில் இரண்டு முறை வந்த படங்கள் இந்தியில் நிறைய. 'டான்' என்றால் தாத்தாவுக்கு 1978-இன் அமிதாப், பேரனுக்கு 2006-இன் ஷாருக் கான். 'தேவ்தாஸ்' என்றால் பாட்டிக்கு 1955-இன் திலீப் குமார், மகளுக்கு 2002-இன் ஷாருக். 'அக்னிபத்' 1990-இல் வந்தது, மறுபடி 2012-இல் வந்தது. 'பதி பத்னி அவுர் வோ' 1978-இலும் 2019-இலும் வந்தது. கணவன், மனைவி, நடுவில் இன்னொருத்தி என்று அதை நடிக்க ஆரம்பித்தாலே வீடு சிரிக்கும். பாட்டி மனதில் ஒரு படம், பேத்தி மனதில் வேறு படம், வாயில் மட்டும் ஒரே பெயர் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அப்புறம் எது நல்ல படம் என்று ஒரு சண்டை நடக்கும் பாருங்கள், அதற்காகவே இந்தப் பெயர்களைக் கொடுக்கலாம்.

இந்தி அவ்வளவாக வராத நம் பக்கத்து உறவினர்களும் அந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். என் அண்ணன் மதுரையிலிருந்து வந்தால் ஒரு மூலையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அவரைப் போன்றவர்களையும் உள்ளே இழுக்க வழி இருக்கிறது. ஹாத்தி என்றால் யானை. 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) நம் சின்னப்பா தேவர் ராஜேஷ் கன்னாவை வைத்து எடுத்த படம். அதையே அவர் அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' என்று எடுத்தார். 'சீதா அவுர் கீதா' தமிழில் 'வாணி ராணி' ஆனது, 'டான்' 'பில்லா' ஆனது, 'தீவார்' 'தீ' ஆனது. நான் மேலே சொன்ன சாந்தாராம் படம்தான் நம் ஊரில் 'பல்லாண்டு வாழ்க'. ஒரு முறை அந்த யானைப் படத்துக்காக ஒருவர் தும்பிக்கையைப் போல ஒரு கையைத் தூக்கி ஆட்டியதும் அண்ணன் "நல்ல நேரம்!" என்று கத்தினார். சம்பந்தி வீட்டார் அதையும் சரியான விடையாக ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். அதற்குப் பிறகு அவர் மூலையில் உட்காரவில்லை.

பெயரில் உள்ள சொற்களைத்தான் நடிக்க வேண்டும், காட்சியை நடிக்கக் கூடாது என்று சிலர் கறாராக இருக்கிறார்கள். கல்லூரிப் போட்டியில் அப்படி வைத்துக்கொள்ளட்டும், வீட்டில் வேண்டாம். 'ஷோலே' என்றால் தணல். யார் அதைக் கையால் காட்டப் போகிறார்கள்? சம்பந்தியம்மாவின் தாயார் முழங்கால் வலியால் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவர் முறை வந்தபோது அந்தப் பெயர்தான் கிடைத்தது. ஒரு விநாடி யோசித்தார். மடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டு, இரண்டு கைகளையும் அதற்குள் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு கோபம். கூடம் முழுக்க "ஷோலே!" என்று அலறியது. கை இழந்த டாக்கூர் சால்வைக்குள் நிற்கிற காட்சியை 1975-லிருந்து மறக்காத தலைமுறை அது. பத்து வயதுப் பிள்ளைகளும் டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். சொல்லை மட்டும்தான் நடிக்கலாம் என்றிருந்தால் அந்தம்மா ஆடியிருக்கவே முடியாது.

கொடுக்கக் கூடாத பெயர்களும் உண்டு. புதிதாக வந்த மருமகளை மாமனார், மச்சாண்டார் முன்னால் நிறுத்தி, படுக்கையறைச் சங்கதி உள்ள பெயரைக் காதில் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பதை நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது விளையாட்டு இல்லை, கொடுமை. அந்தப் பெண் மறுக்கவும் முடியாமல் ஆடவும் முடியாமல் நிற்பாள். நொண்டிக் காட்ட வேண்டிய பெயர், தோல் நிறத்தைக் கேலி செய்ய வேண்டிய பெயர் இவையும் வேண்டாம். அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் சாவு வருகிற பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். எதிர்க்கட்சி பெயர் கொடுக்கும் வழக்கத்தையே வீட்டில் விட்டுவிடலாம். ஆட்டத்தில் சேராத ஒருவர், யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்தவர், முன்னதாகவே பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கட்டும். தாணே வீட்டில் இப்போது என் மகள்தான் எழுதுகிறாள். பெரியவர்களுக்கு ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரிப்பதில்லை, ஒரே டப்பாதான். கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, பெயருக்குக் கீழே ஆண்டும் நாயகன் நாயகி பெயரும். அந்தப் படத்தைப் பார்க்காதவருக்கும் அதில் ஒரு பிடி கிடைக்கும். இந்தி எழுத்து படிக்க வராதவர்களுக்காகத் தமிழிலும் எழுதிவிடுகிறாள்.

ஆகவே தயவுசெய்து இன்னொரு பட்டியல் வெளியிடுங்கள். கடினமான பெயர்களைக் குறையுங்கள். இரண்டு முறை எடுக்கப்பட்ட படங்களையும் தமிழுக்கு வந்த படங்களையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டையும் நடிகர்களையும் போடுங்கள். கத்தரித்து அப்படியே டப்பாவில் போடுகிற மாதிரி கட்டம் கட்டி அச்சிட்டால் ரொம்ப நல்லது. ஹோலிக்கும் எல்லோரும் கூடுவார்கள். அதற்கு முந்தைய இதழில் வந்தால் உபயோகமாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை