லேசர் சிகிச்சைக்கு முன் கருவிழியின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின், எத்தனை நிமிடம் என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கார்னியா, எத்தனை மைக்ரான் தடிமன்?

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். லேசிக் முறையில் அதன் மேலிருந்து சுமார் 110 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மடலை வெட்டித் திறக்கிறார்கள். அதன் அடியில் எக்சைமர் லேசர் ஒவ்வொரு பவருக்கும் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்கி எடுக்கும். பிறகு மடலை மூடிவிடுவார்கள், தையல் கிடையாது. மடல் ஒட்டிக்கொண்டாலும் கருவிழிக்குப் பழைய பலம் அதனால் வராது. ஆகவே அதற்கு அடியில் தொடாமல் மிஞ்சுவது குறைந்தது 250 மைக்ரான் இருக்க வேண்டும். 300 இருந்தால் இன்னும் நல்லது.

550 மைக்ரான் கருவிழி, மைனஸ் 4 பவர் என்றால் மடலுக்கு 110, செதுக்க 60 போக 380 மிஞ்சும். தாராளம். அதுவே 500 மைக்ரான், மைனஸ் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 110-ம் 120-ம் போக 270 மிஞ்சுகிறது. 250-ஐத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் மொத்தத் தடிமனில் 46 சதவீதத்தைத் தொட்டாகிவிட்டது. 40 சதவீதத்தை நெருங்கினாலே யோசிக்க வேண்டும். பலமிழந்த கருவிழி, சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்காமல் முன்னோக்கிப் பிதுங்கலாம். இந்தப் பிதுக்கம் வந்துவிட்டால் கண்ணாடி போட்டும் பார்வை தெளியாது. ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு மேலும் பிதுங்காமல் நிறுத்தப் பார்க்கலாம், இழந்த வடிவத்தை முழுதாக மீட்க முடியாது.

தடிமன் மட்டும் போதாது. கருவிழியின் முன், பின் இரு பரப்புகளின் வளைவையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். கருவிழி தானாகவே மெலிந்து பிதுங்கும் கூம்பு வடிவக் கருவிழி நோயின் ஆரம்ப அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சாதாரண காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஒன்று, இரண்டு வாரமும், கெட்டி லென்ஸ் போடுபவர்கள் மூன்று, நான்கு வாரமும் அதை நிறுத்திவிட்டே இந்தச் சோதனைக்குப் போக வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழியை அளந்தால் தப்பான வடிவம் பதிவாகும். அந்தக் கணக்கில்தான் லேசரும் செதுக்கும். 18 வயது நிரம்பாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறியவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

கருவிழி மெலிதாக இருப்பவர்களுக்கு மடல் வெட்டாத பி.ஆர்.கே. முறை உண்டு. மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசரால் செதுக்குவதால் மூன்று, நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியவும் வாரங்கள் ஆகும். ஆனால் பின்னாளில் அடிபட்டால் நகர்வதற்கு மடலே கிடையாது. குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளில் இருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம் என்பேன்.

பொருத்தமான கண்ணுக்கு லேசிக் தரும் பலன் பெரிது. பலர் மறுநாள் காலையிலேயே கண்ணாடியின்றித் தெளிவாகப் பார்க்கிறார்கள். காண்டாக்ட் லென்ஸோடு தூங்கிக் கருவிழியில் புண் வரும் ஆபத்தும் ஒழிகிறது. பதிலுக்குச் சில தொல்லைகள் வரலாம். மடல் வெட்டும்போது நுண்நரம்புகள் அறுபடுவதால் கண் உலர்ந்து உறுத்தும். பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். ஏற்கெனவே கண் உலர்வு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். முதல் சில நாள் கண்ணைக் கசக்கினால் மடல் சுருங்கி மடியும். தூங்கும்போது கவசம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

நாற்பதைத் தொட்டவர்களுக்கு வெள்ளெழுத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார். லேசருக்குப் பிறகு அந்த வசதி போய், படிக்கவே கண்ணாடி தேவைப்படும். அதிக மைனஸ் பவர் இருந்தவர்களின் கண் இயல்பைவிட நீண்டிருக்கும், லேசரால் அந்த நீளம் குறைவதில்லை. விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருப்பதால் கண் பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒரு காகிதம். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் மருத்துவரின் பார்வைக்குத் தப்பிவிடலாம். பிற்காலத்தில் கண்புரை வந்தால், செதுக்கிய கருவிழியை வைத்து வழக்கமான கணக்கில் லென்ஸ் தேர்ந்தால் பவர் போதாமல் போகும். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், எத்தனை மைக்ரான் செதுக்கினார்கள் என்ற விவரங்களை மருத்துவமனையிலிருந்து எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டு கழித்து உங்கள் கண்ணைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இப்படிக்கு,
கண் மருத்துவத் துறையைச் சேர்ந்த வாசகர்