பனியாற்று ஏரிகளின் ஆழத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேல் கோடையில் தேங்கும் உருகுநீர் ஏரிகளைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, அவற்றின் பரப்பை விரிவாகச் சொல்லிவிட்டு, ஆழத்தைச் செயற்கைக்கோள் ‘படம்பிடித்துக் காட்டியது’ என ஒரே வரியில் முடிந்துவிட்டது. காவேரிப்பாக்கம் ஏரியின் மதகருகே நின்று நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வந்தவன் என்பதால், அந்த வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஏரி கோடி போய்விட்டது என்று ஊரே மகிழும் நாளிலும், அடியில் எத்தனை அடி தூர் கிடக்கிறது என்று தெரியாமல் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கணக்கிட முடியாது.

படத்தில் தெரிவது பரப்பும் நிறமும்தான். தண்ணீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், ஆழம் கூடக் கூட ஏரியின் நீலம் அடர்கிறது. அதை வைத்து ஆழத்தைக் கணிப்பது பழைய முறை. அடியிலுள்ள பனி எவ்வளவு வெண்மை என்ற ஊகம் பிசகினால் அந்தக் கணக்கும் பிசகும்.

2018 செப்டம்பரில் நாசா ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் படம் எடுப்பதில்லை. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 10,000 முறை பச்சை லேசர் ஒளியைத் துடிப்புகளாக அனுப்புகிறது. அந்த ஒளியில் ஒரு சிறு பங்கு நீரின் மேற்பரப்பில் பட்டும், இன்னொரு பங்கு அடிப்பனியில் பட்டும் திரும்ப, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து ஆழம் கிடைக்கிறது. கிணற்றை எட்டிப் பார்த்தால் தரை மேலேறித் தெரியும் அல்லவா, லேசருக்கு அது தலைகீழ்: தண்ணீருக்குள் ஒளியின் வேகம் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைவதால், திருத்தாமல் விட்டால் 3 மீட்டர் ஆழம் 4 மீட்டராகிவிடும். லேசர் செல்லும் கோட்டில் மட்டுமே அளவு கிடைக்கும் என்பதால், அந்தக் கோட்டின் ஆழத்தைக் கொண்டு படம் எடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படங்களின் நிறக் கணக்கைச் சரிசெய்து, முழு ஏரிக்கும் விரிக்கிறார்கள். (நம் ஏரிகளையும் இப்படி அளக்கலாமே என்று என் பேரன் கேட்டான். உருகுநீர் தெளிந்தது; நம் ஏரியின் கலங்கல் நீரில் பச்சை ஒளி அடிவரை போய்த் திரும்புவது கடினம்.)

இவ்வளவு பாடு எதற்கென்றால், 2006 ஜூலையில் கிரீன்லாந்தில் சுமார் 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரி, தன் அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியைப் பிளந்துகொண்டு இரண்டு மணி நேரத்திற்குள் வடிந்துபோனது. இறங்கிய நீர் 4.4 கோடி கன மீட்டர். வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பனியைவிட நீர் கனமானது. விரிசல் நிறைய நீர் நின்றால், அதன் எடையே விரிசலை மேலும் கீழே தள்ளிவிடும். அப்படி அடிவரை பிளக்கப் போதிய நீர் ஓர் ஏரியில் இருக்கிறதா என்பதைப் பரப்பு மட்டும் சொல்லாது.

இமயமலையில் மண்ணும் கல்லும் அணையாக நிற்கும் ஏரிகள் வேறு வகை. அவை உட்பட இமயமலைப் பனியாற்று ஏரிகளைப் பற்றி 2024 ஏப்ரலில் இஸ்ரோ தந்த விவரம், 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-க்குப் பின் கணிசமாக விரிந்துள்ளன என்பது. அதுவும் பரப்புக் கணக்குதான். இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, கிடைத்தால் ஆழத்தையும், அது நிறத்தால் கணித்ததா, லேசரால் அளந்ததா, படகில் போய் அளந்ததா என்பதையும் ஒரு வாக்கியத்திலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.